ஒழுக்கம் தவறியது யார்?

2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் உயரத்துக்குப் பெருகி டில்லிச் சாலைகளில் புகுந்தபோது, மயூர் விஹாரில் இரண்டாம் மாடியிலிருந்த என் வீட்டுக்குள்ளும் ஒரு சின்ன வெள்ளம் வந்தது. உபயம்: படுக்கையறை ஜன்னல் ஏ.சி.

முதலில் சொட்டு. பிறகு சுவரில் ஈரக் கோடு. பழைய துண்டை மடித்துப் போட்டேன். அது போதாமல் பிளாஸ்டிக் டப்பா வைத்தேன். மொழிபெயர்ப்புக் கெடு நெருக்கியதால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கும்பகோணத்திலிருந்து அப்பா வந்திருந்தார். வயது 78. ஒருநாள் பின்னிரவில் எழுந்தவர் ஈரத் தரையில் சறுக்கி விழுந்தார். மணிக்கட்டு வீங்கியது, நல்லவேளை, எலும்பு முறியவில்லை. விளக்கைப் போட்டதும் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தண்ணீர் ஓடிய திசையில், ஒரு சாண் தள்ளி, எக்ஸ்டென்ஷன் போர்டு. எனக்குக் கை நடுங்கியது.

மறுநாள் வந்த மெக்கானிக் பெட்டியைத் திறக்காமலே தீர்ப்பு சொன்னார்: "கேஸ் போயிடுச்சு மேடம்." 2,500 ரூபாய் கொடுத்து கேஸ் நிரப்பினேன். அன்றிரவும் ஒழுகியது.

"ரூம் ஜில்லுனுதானேம்மா இருந்துது? அப்புறம் எதுக்கு கேஸ்?" என்றார் அப்பா, கட்டுப் போட்ட கையுடன். பொதுப்பணித் துறையில் வாய்க்கால், மதகு என்று 30 வருடம் கழித்தவர். பக்கத்து மனையில் வேலை செய்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவரச் சொன்னார். ஏ.சி. மேல் வைத்தேன். குமிழி வெளிப்பக்கமாக ஒதுங்கியது.

"வெளிப்பக்கம் மேடு. வாட்டம் வீட்டுக்குள்ள இருக்கு. தண்ணி வேற எங்க போகும்?"

ஒழுகுவது கேஸ் அல்ல. நம் அறைக் காற்றின் ஈரம். அது குளிர்ந்த காயிலில் பட்டு நீராகி, அடித்தட்டில் விழுந்து, பின்பக்கமாக வெளியேற வேண்டும். அதற்குப் பெட்டியின் முன்பக்கம் கால் அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். மே மாதம் வெள்ளையடித்தவர்கள் கழற்றி மாட்டியதில் அது மாறிப்போயிருக்கிறது. மே, ஜூனின் வறண்ட காற்றில் ஒழுக ஒன்றுமில்லை. மழை வந்ததும் குட்டு வெளிப்பட்டது.

பிளக்கைப் பிடுங்கினோம். சுமார் 50 கிலோ கனம். கொத்தனாரும் இன்னொருவரும் வந்து தூக்க, முன்பக்கத்துக்கு அடியில் மரத்துண்டு வைத்தோம். வடிகால் துளையில் தூசியும் பாசியும் அடைத்திருந்தன. காயிலில் படாமல் சைக்கிள் கம்பியால் குத்தி, தண்ணீர் விட்டுக் கழுவினோம். ஃபில்டரில் கம்பளிபோல அழுக்கு. காற்று அடைபட்டால் காயிலில் பனி படிந்து, நிறுத்தியதும் உருகிச் சொட்டுமாம். அதையும் கழுவி மாட்டினேன்.

கேஸ் குறைந்தாலும் பனி படிந்து ஒழுகும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது அறை சரியாகக் குளிராது. மெக்கானிக்கிடம் இந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

ஒழுகுதல் என்றால் சொட்டுவது மட்டுமல்ல, முறைப்படி நடப்பதும்தான். ஒழுக்கம் அதிலிருந்து வந்த சொல் என்று எம்.ஏ. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். பள்ளம் பார்த்து ஓடிய தண்ணீர் தன் ஒழுக்கத்தில் பிசகவில்லை. பத்து நாள் துண்டு போட்டுச் சமாளித்தவள்தான் பிசகினாள்.

ஊர் திரும்பிய அப்பா, மழைக்காலம் வந்தால் போனில் முதலில் விசாரிப்பது என்னை அல்ல.

"வாட்டம் சரியா இருக்காம்மா?"