வழுக்கையாற்றங்கரையில் ஒரு பழைய ஊர்

குவைத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மேற்கு எல்லையில் வாடி அல் பாத்தின் என்ற வறண்ட பள்ளத்தாக்கு மட்டும் உண்டு. ஃபர்வானியாவின் அடுக்குமாடிகளில் வளரும் எம் பிள்ளைகள் கடல்நீரிலிருந்து வடித்தெடுத்த தண்ணீரையே அறிவார்கள். "எங்கட ஊரில் ஆறு இருக்கோ?" என்று அவர்கள் கேட்டால் யாழ்ப்பாணத்தவராகிய நாம் சற்றுத் தயங்கவே செய்கிறோம். கிணற்றையும் துலாவையும் நம்பி வாழ்ந்த மண் அல்லவா எமது?

ஆயினும் ஓர் ஆறு உண்டு. அதன் பெயர் வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, வயல்களையும் குளங்களையும் தொட்டுச் சென்று, அராலியில் கடனீரேரியோடு கலக்கிறது. மாரியில் ஓடும், கோடையில் வெறுந்தரையாகக் கிடக்கும். இந்தச் சிற்றாற்றை அண்டி, சுன்னாகத்துக்குக் கிட்ட இருக்கிறது கந்தரோடை. இன்று அமைதியான கிராமம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரோ அது கடல் கடந்த வாணிபம் கண்ட ஊர்.

1917ஐ அடுத்த ஆண்டுகளில் வரலாற்றறிஞர் போல் ஈ. பீரிஸ் இங்கு ஆராய்ச்சி நடத்தினார். பழைய இந்திய முத்திரை நாணயங்களும் உரோம நாணயங்களும் கிடைத்தன. முருகைக் கல்லாலான சிறு சிறு தூபிகள் கூட்டமாக வெளிப்பட்டன. 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் அகழ்ந்தபோது, தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் அடியில் கிடந்தன. புதுச்சேரிக்கு அருகில், ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் கிடைத்தவை போன்ற வட்டக்கோட்டு மட்பாண்டங்களும் இங்கு உண்டு. அந்த அரிக்கமேட்டிலேதான் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் செம்பாண்டங்களும் கிடைத்தன. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரை ஒன்று பழைய ஈமக் குழியிலிருந்து வெளிவந்தது.

இவ்வளவும் எம்முடைய முற்றத்துக் கதை. ஆனால் அதைச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தூபிகளைக் காட்டி ஊரே எங்களுடையதென்று ஒரு பகுதியார் உரிமை கோருகிறார்கள். எம்மவர் சிலரோ அந்தத் தூபிகளைப் பற்றிப் பேசவே கூசுகிறார்கள். இரண்டும் சரியல்ல. பௌத்தம் தமிழருக்கு அந்நியமாய் இருந்ததில்லை. 'மணிமேகலை' தமிழிலே எழுந்த பௌத்த காப்பியம். தூபியை மறைத்துவிட்டு நாணயத்தை மட்டும் காட்டினால், பிள்ளைகளுக்குக் கொடுப்பது அரைகுறைக் கதையே.

நாம் குடியிருக்கும் இந்நாட்டையே பாருங்கள். குவைத்துக் கடலிலுள்ள பைலகாத் தீவில் 1958 முதல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் அகழ்ந்தபோது, கிரேக்கக் கோயிலும் கிரேக்க மொழிக் கல்வெட்டும் வெளிப்பட்டன. முஸ்லிம் நாடான குவைத், கிரேக்கக் கல்லைக் கண்டு அஞ்சவில்லை. தன் மண்ணின் கதையென்றே போற்றுகிறது. அத்தீவின் மக்கள் 1990இல் ஈராக்கியப் படையெடுப்பின்போது வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் பெரும்பாலோர் தலைநிலத்திலேயே குடியமர்ந்தார்கள். ஊர் இழந்தவர் நாம் மட்டுமல்ல.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, வழுக்கையாற்றின் ஓரத்து ஊர்களும் வெறிச்சோடின. பிறகு திரும்பியோர் உண்டு, திரும்பாதோரும் உண்டு. வீடும் காணியும் கைவிட்டுப் போகலாம். ஆனால், எங்கள் ஊரில் ஓர் ஆறு இருந்தது, அதன் கரையில் உரோமக் காசு புழங்கியது, பௌத்தரும் வாழ்ந்தார்கள், பிராமியில் பெயர் பொறிக்கத் தெரிந்தவர்களும் வாழ்ந்தார்கள் என்று அறிந்த பிள்ளை எந்த நாட்டிலும் தலை குனியாது.

ஆகவே பெற்றோரே, வெள்ளிக்கிழமை ஓய்வில் ஒரு தாளை எடுத்து, உங்கள் ஊரின் குளம், வாய்க்கால், கோயில், ஒழுங்கை ஆகியவற்றின் பெயர்களைப் பிள்ளைகளோடு இருந்து எழுதி வையுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் தொலைபேசியில் கேட்டு, விடுபட்டவற்றைச் சேருங்கள். எமக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் சேர்த்தே எழுதுங்கள். முழுக்கதையே பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய முதுசொம்.