நின்றால்தான் ஓடலாம்

பழைய கார் வைத்திருப்பவர்கள் விருந்தாளிகளிடம் எதை எதைக் காட்டுவார்கள் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெயின்ட். அடுத்து குரோமியம் பூசிய பம்பர். பிறகு பானெட்டைத் திறந்து எஞ்சின். வந்தவர் இன்னும் ஆர்வம் காட்டினால் அசல் ஸ்டியரிங், அசல் ஹார்ன். காரை நிறுத்துகிற சாமானை மட்டும் யாரும் காட்டுவதில்லை. மோரிஸ் மைனரில் அதைச் சுலபமாகக் காட்டவும் முடியாது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், கார்ப்பெட்டுக்கும் தரைத் தகட்டுக்கும் கீழே ஒளிந்துகொண்டிருக்கிறது.

திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கும் அந்தச் சிலிண்டரோடு அதிகப் பழக்கம் இருந்ததில்லை. கார் அவருடைய அப்பாவினுடையது. போடிநாயக்கனூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஏலக்காய் வியாபாரம் செய்ய வந்த அப்பா, மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட அதிகாரி கைமாற்றிவிட்டுப் போன 1953ஆம் வருட மைனரை வாங்கினார். அதில் மலையேறி போடிக்குப் போவார், குலதெய்வம் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். வியாபாரம் அப்பாவோடு போயிற்று. கார் மட்டும் மகனிடம் தங்கியது.

மைனர் சாதாரணக் கார் அல்ல. பிற்பாடு 'மினி'யைப் படைத்துப் பெயர் வாங்கிய அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தது. 1948இல் வெளிவந்து, பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் இதையே 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் இங்கே விற்றது. அதே நிறுவனம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை 1958இல் அம்பாசிடர் ஆக்கி, 2014 வரை உருட்டிக்கொண்டிருந்தது. அந்த உறவில் பார்த்தால் மைனர் அம்பாசிடருக்குச் சித்தப்பா. உருவத்தில் மட்டும் சின்னவர். எஞ்சின் 803 சி.சி.தான். இன்றைய மோட்டார் சைக்கிள் சிலவற்றுக்கு இதைவிடப் பெரிய எஞ்சின்.

பிரச்சினை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேட்டை சிக்னலில் தொடங்கியது. காரை நிறுத்தி பெடல்மேல் காலை வைத்திருந்தார். கால் மெல்ல, மிக மெல்லக் கீழே இறங்கியது. கார் நின்ற இடத்திலேயேதான் நின்றது. ஆனால் பெடல் சிவப்பு விளக்கு அணைவதற்குள் தரையைத் தொட்டுவிட்டது. காலை எடுத்துத் திரும்ப அழுத்தினால் பழையபடி மேலே இருந்தது. வீட்டுக்கு வந்து நான்கு சக்கரங்களையும் குனிந்து பார்த்தார். எங்கும் ஒழுகல் இல்லை. ஆயில் மட்டமும் குறையவில்லை.

ஒழுகல் இல்லாமல் பெடல் இறங்கினால் கோளாறு மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளே என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். காரணம் எளிமையானது. அடைத்துவைத்த திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு மேதை சொல்லிவைத்தார். பெடலை மிதித்தால் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் நகர்கிறது. அதன் முன்னால் இருக்கும் ரப்பர் கப் திரவத்தைக் குழாய்க்குள் தள்ளுகிறது. நான்கு சக்கரங்களிலும் உள்ள சின்ன சிலிண்டர்கள் விரிந்து, பிரேக் ஷூக்களை டிரம்மில் அழுத்துகின்றன. மால்கம் லாக்ஹெட் என்ற அமெரிக்கர் இதைக் காருக்குக் கொண்டுவந்தார். 1921இல் டூசன்பர்க் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தப்பட்டது. விமானத்தில் பெயர் பெற்ற லாக்ஹீட் நிறுவனம் அவருடைய சகோதரருடையது. மைனரின் பிரேக்கும் லாக்ஹீட் வகைதான்.

இவ்வளவு பெரிய தத்துவமும் கடைசியில் ஒரு ரப்பர் கப்பின் விளிம்பில் வந்து நிற்கிறது. விளிம்பு தேய்ந்தாலோ, அது உரசும் சிலிண்டர் சுவரில் குழி விழுந்தாலோ, திரவம் முன்னால் போகாமல் பின்பக்கம் நழுவிவிடும். பெடல் இறங்கும். மைனரில் இருப்பது ஒற்றைப் பாதை. ஒரு பிஸ்டன், ஒரு அறை, நான்கு சக்கரங்களுக்கும் அதுவே கதி. அது கைவிட்டால் மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். அதுவும் பின்சக்கரங்கள் இரண்டுக்குத்தான். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் இரட்டைப் பாதையை அமெரிக்கா 1968இல் கட்டாயமாக்கியது. அப்போது இந்தக் காருக்கு வயது பதினைந்து.

மேஸ்திரி வந்தார். எழுபதை நெருங்கும் மலையாளி. கார்ப்பெட்டைத் தூக்கி, தரையில் இருந்த மூடியை எடுத்து, சுற்றியுள்ள மண்ணை முதலில் பிரஷ்ஷால் சுத்தமாகத் துடைத்தார். அதன் பிறகுதான் ஆயில் மூடியில் ஸ்பானர் வைத்தார். துடைக்காமல் திறந்தால் எழுபது வருடத்து மண் நேராக சிலிண்டருக்குள் விழும். உள்ளே இருந்த திரவம் கட்டன் சாயா நிறத்தில் இருந்தது.

"இது எப்ப மாத்தினது சாரே?"

அவருக்கு ஞாபகம் இல்லை. அதுவே பதிலாக இருந்தது.

'பிரேக் ஆயில்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அது ஆயிலே அல்ல. கிளைக்கால் வகைத் திரவம். பெயரை நம்பி யாராவது எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் கப்புகள் ஊதிப் பெருத்து பிரேக் முழுவதும் நாசமாகும். இந்தத் திரவத்துக்கு இன்னொரு குணம், காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது. டாட் 3 வகைத் திரவம் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத அளவுக்குத் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 140க்கு வந்துவிடலாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் கொதிக்கும், திரவத்துக்குள் நீராவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், கார் போய்க்கொண்டே இருக்கும். வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில், வாரம் ஒரு நாள் மட்டும் ஓடும் காருக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி கிடையாது. அதே ஈரம்தான் வார்ப்பிரும்பு சிலிண்டருக்குள் துருவையும் உண்டாக்குகிறது.

புதிதாக வாங்குவதா, இருப்பதைச் சரிசெய்வதா? இங்கேதான் அப்பாவும் பிள்ளையும் பிரிந்தார்கள். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைக்கு மூன்றாவது வழியும் தெரிந்தது. காரை ஓட்டாமல் நிறுத்திவிடுவது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அப்படிப்பட்ட காரில் ஆபீஸ் போகிறவனுக்கு, ஒற்றைக் கப்பை நம்பி மகளைப் பின் சீட்டில் உட்காரவைப்பது புரியவில்லை. அப்பாவோ அடுத்த மாசி மகா சிவராத்திரிக்குப் பேத்தியை அதே காரில், அதே மலை வழியாக, போடிக்குக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்.

சட்டம் அப்பா பக்கம் ஓரளவு இருந்தது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி ஐம்பது வயது தாண்டிய, அசல் நிலையில் பராமரிக்கப்பட்ட வாகனத்தை 'வின்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தக் கூடாது. ஆனால் எந்தச் சான்றிதழும் சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

புதிய சிலிண்டர் கிடைக்காத சாமான் அல்ல. இங்கிலாந்தில் மைனருக்கு இன்றும் ரசிகர்கள் ஏராளம், பாகங்களும் புதிதாகத் தயாராகின்றன. சென்னை புதுப்பேட்டையில் அலைந்தால் பழையது ஏதாவது அகப்படும். மேஸ்திரி இரண்டையும் பற்றி ஒரே எச்சரிக்கைதான் சொன்னார். சிலிண்டர் எங்கிருந்து வந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பரின் வயதைப் பார்க்க வேண்டும். அலமாரியில் இருபது வருடம் சும்மா இருந்த ரப்பரும் கிழடுதான். டப்பா மட்டும் புதிது.

முதலில் கழற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கழற்றுவதே ஒரு நாள் வேலை. சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நீளமான போல்ட்டுகளை உருவ முடியாதபடி முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குறுக்கே நிற்கிறது. உலகம் முழுவதும் மைனர்காரர்கள் இஸிகோனிஸைத் திட்டும் இடம் இதுதான். மேஸ்திரி டார்ஷன் பாரை விலக்கி, போல்ட்டுகளை எடுத்தார். மறுபடி மாட்டும்போது எதிர்ப்பக்கமாக மாட்டினார். அடுத்து வருகிறவன் கஷ்டப்பட வேண்டாமாம்.

மேஜைமேல் பழைய செய்தித்தாளை விரித்து பிஸ்டன், கப்புகள், ஸ்பிரிங், வால்வு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்ததில் சிலிண்டர் சுவரில் விரல் நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழிகள். உப்புத்தாளால் தேய்த்துப் புது கப் போட்டால் சில மாதம் ஓடும். பல பட்டறைகளில் அப்படித்தான் ஓடுகிறது. அந்தக் குழி புது கப்பையும் அரித்துவிடும் என்று மேஸ்திரி மறுத்தார். லேத் பட்டறையில் உள்பக்கம் கடைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் இறக்கினார்கள். அதற்குப் பிறகுதான் நுணுக்கமான வேலை. திரவம் திரும்பி வருவதற்கு ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. ஸ்லீவில் அதைச் சரியாக அதே இடத்தில் போட வேண்டும். துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் ரப்பர் கப்பை பிளேடு மாதிரி சீவிவிடும்.

சேர்க்கும்போது பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் அருகில் வரக் கூடாது. கப்புகளைப் புது பிரேக் திரவத்தில் நனைத்தே உள்ளே செலுத்த வேண்டும். கடைசியில் பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கொஞ்சம் வெற்று இடம் விட வேண்டும். இடைவெளியே இல்லாமல் 'டைட்டாக' வைத்தால் அந்த ஊசித்துளை மூடிக்கொள்ளும். போன திரவம் திரும்பி வராது. ஓட ஓட நான்கு சக்கரமும் தானாகப் பிடித்துக்கொள்ளும். உறவுகளைப் போலவே பிரேக்குக்கும் கொஞ்சம் இடைவெளி தேவைப்படுகிறது.

குழாயிலிருந்து ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில். மேஸ்திரிக்கு அன்று முட்டி வலி. அதனால் நிப்பிளைத் திறந்து மூட அப்பா தரையில் உட்கார்ந்தார். பெடலை மிதிக்க ஆள் வேண்டியிருந்தது. பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தான். தூரத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்திலிருந்து தொடங்கினார்கள்.

"அமுக்கு."

"அமுக்கியாச்சுப்பா."

"பிடிச்சுக்கோ... விடு."

கண்ணாடிப் பாட்டிலுக்குள் வைத்த குழாயிலிருந்து குமிழ்கள் வந்தன. சக்கரம் சக்கரமாக ஒரு மணி நேரம் இந்த மூன்று வார்த்தைகளைத் தவிர அவர்கள் வேறெதுவும் பேசவில்லை. ஆனால் பல மாதங்களாக அவ்வளவு நேரம் அவர்கள் சேர்ந்து இருந்ததுமில்லை. நான்காவது சக்கரம் முடியும்போது பிள்ளை தானாகவே சொன்னான், பெடல் இப்போது கல் மாதிரி நிற்கிறது என்று. அந்த உறுதியை அவன் காலால் உணர்ந்தது அதுதான் முதல் தடவை.

மேஸ்திரி ஹில் பேலஸ் ஏற்றம் வரை ஓட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி பிரேக் அடித்தார். எந்தப் பக்கமும் இழுக்காமல் நின்றது. இறங்கி நான்கு டிரம்களையும் தொட்டுச் சூடு சமமா என்று பார்த்தார். கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவருடைய மகன் பெரிய சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறானாம். அங்கே மாஸ்டர் சிலிண்டரைப் பிரிப்பதில்லை, கழற்றி எறிந்துவிட்டு முழுசாகப் புதிது மாட்டுவதுதான் வழக்கமாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. இரட்டைப் பாதை சிலிண்டரை அப்படித்தான் செய்ய வேண்டும் என்றுகூட ஒத்துக்கொண்டார்.

அன்றிரவு அப்பா போடிப் பயணத்தைப் பற்றி வேறு விதமாக யோசித்தார். பிரேக் இப்போது எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறது. ஆனால் 1953இல் எப்படி இருந்ததோ அப்படி. அதற்கு மேல் இல்லை. எவ்வளவு நன்றாகப் புதுப்பித்தாலும் ஒற்றைப் பாதை ஒற்றைப் பாதைதான். போடிமெட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அப்பாவின் காலத்தில் எதிரே எப்போதாவது ஒரு லாரி வரும். இன்று முன்னால் போகும் வண்டி ஏ.பி.எஸ். உதவியோடு சட்டென்று நிற்கும். பின்னால் வரும் மைனருக்கு அந்தத் தூரம் போதாது. தன் உயிரைப் பழைய காரின் மேலுள்ள பிரியத்துக்காகப் பணயம் வைக்கலாம். பேத்தியின் உயிரையும் முன்னால் போகிறவனின் உயிரையும் வைக்க அவருக்கு யார் அனுமதி தந்தது?

சிவராத்திரிக்குப் பிள்ளையின் காரில் போவதென்று அவரே சொன்னார். பிள்ளை வாதாடித் தோற்ற விஷயம், வாதாடாமலே முடிந்தது. பேத்திக்குத்தான் ஏமாற்றம். அவளுக்காக, மைனரில் திருப்பூணித்துறைத் தெருக்களிலும் மட்டாஞ்சேரியில் கொள்ளுத்தாத்தாவின் கடை இருந்த வீதியிலும் ஞாயிறு தோறும் ஒரு சுற்று என்று ஒப்பந்தமாயிற்று. சமதளம், நிதான வேகம், மழை இல்லாத நாள்.

சுற்று கிளம்புவதற்கு முன் ஒரு சடங்கு இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி, மண்ணைத் துடைத்து, திரவ மட்டம் பார்ப்பது. பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு, இறங்குகிறதா என்று கவனிப்பது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திரவம் முழுவதையும் மாற்ற வேண்டிய தேதி கராஜ் சுவரில் எழுதியிருக்கிறது. எழுதியது பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெடலை மிதித்து அறுபது எண்ணுவது இப்போது பேத்தியின் வேலை.