ஒட்டுத் துணி

நம் ஊரில் ஒட்டுப் போட்ட துணிக்கு மரியாதை கிடையாது. கிழிசல் தெரியாமல் ஒட்டுப் போடுகிறவள் கெட்டிக்காரி. தெரியும்படி போட்டாலோ, வீட்டு வறுமையைக் கொடியில் உலர்த்தின மாதிரி. பழம் புடவையை நாலைந்தாக மடித்து, நூலோட்டித் தைத்துப் பச்சைக் குழந்தைக்குப் படுக்கை செய்வது உண்டுதான். அதையும் விருந்தாளி வந்தால் உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவோம். இப்படி வளர்ந்தவள் நான். ஒட்டுத் துணிகளையே சேர்த்துத் தைத்து, அதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கிற தேசம் ஒன்று இருக்கிறது என்றால் சுலபத்தில் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் என் பெண் அந்தத் தேசத்தில்தான் குடியிருக்கிறாள். பென்ஸில்வேனியாவில் அவள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, நானும் அந்தக் காரியத்தில் மாட்டிக்கொண்டேன்.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே ஒட்டுத் துணி, நடுவே பஞ்சு, அடியில் முழுத் துணி. மூன்றும் நழுவாதபடி நெருக்கித் தைக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒருத்தி மேல்துணியை முடித்தவுடன் அக்கம்பக்கத்துப் பெண்களை அழைப்பாளாம். போர்வையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுற்றி உட்கார்ந்து தைப்பார்கள். பிறகு சாப்பாடு, பேச்சு, வம்பு எல்லாம் உண்டு. அந்தக் கூட்டத்துக்குக் 'குவில்டிங் பீ' என்று பெயர். பீ என்றால் தேனீ. பெயருக்கேற்ற ரீங்காரத்துக்குக் குறைவிருந்திராது.

என் பெண் ஊரில் நான் கண்ட பீ கொஞ்சம் வேறு மாதிரி. பன்னிரண்டு பேர், மாதம் ஒருத்தியின் முறை. முறைக்காரி தனக்குப் பிடித்த துணியையும் மாதிரியையும் மற்ற பதினோரு பேருக்கும் கொடுப்பாள். அவர்கள் ஆளுக்கு ஒரு சதுரம் தைத்து, மிஞ்சின துணுக்குகளோடு அடுத்த மாதம் அவளிடம் சேர்க்க வேண்டும். நம் பெண்கள் சீட்டுக் கட்டுவது போலத்தான், பணத்துக்குப் பதில் துணி. ஒருத்தி ஊர் மாறிப் போனதில் ஓர் இடம் காலியாயிற்று. "என் அம்மாவுக்குத் தையல் தெரியும்" என்று என் பெண் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

தையல் தெரிவது வேறு, இது வேறு. தைத்த சதுரம் பன்னிரண்டரை அங்குலம் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் கால் அங்குலம் பக்கத்துச் சதுரத்தோடு சேருகிற தையலுக்குள் போய்விட, பன்னிரண்டு அங்குலம் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கால் அங்குலத்தில் ஒருத்தி நூலளவு பிசகினால் அவளுக்கு ஒன்றுமில்லை. பக்கத்துச் சதுரத்தைத் தைத்தவளின் மூலை மடங்கும். போர்வைக்காரி உட்கார்ந்து பிரிக்க வேண்டும். வர்ணமும் நம் இஷ்டமில்லை. முதல் மாதம் எனக்கு வந்தது ஊதாவும் ஆரஞ்சும். என் கையால் நான் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திராத ஜோடி! நாவல் எழுதுகிறவளுக்குத் தன் ராஜ்யத்தில் கேள்வி முறை கிடையாது. நினைத்தவரைக் கொல்லலாம், நினைத்தவருக்குக் கல்யாணம் செய்து வைக்கலாம். இங்கேயோ வேறொருத்தி கதைக்கு நடுவில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிற வேலை. முன்பக்கமும் தெரியாது, பின்பக்கமும் தெரியாது.

தையலைப் பார்த்தால் தைத்தவள் மனம் தெரியும் என்பதை அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் நன்றாக அறிந்திருந்தார். 1916-இல் மேடையேறிய 'டிரைஃபிள்ஸ்' என்ற அவருடைய ஓரங்க நாடகத்தில், கொலை நடந்த வீட்டில் ஆண்கள் மாடிக்கும் கொட்டகைக்கும் அலைந்து தடயம் தேடுகிறார்கள். சமையலறையில் நிற்கிற இரண்டு பெண்களின் கண்ணில் ஒரு முடியாத குவில்ட் படுகிறது. எல்லாச் சதுரமும் ஒழுங்காக இருக்க, கடைசி ஒன்றில் மட்டும் தையல் கோணல்மாணலாக ஓடியிருக்கிறது. ஒருத்தி பேசாமல் அதைப் பிரித்துச் சரியாகத் தைக்க ஆரம்பிக்கிறாள். அந்தக் கொலை வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சியம் எது?

நான்காவது மாதம் எங்களில் மூத்தவரின் முறை. எண்பதை நெருங்கியவர், கணவர் காலமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நூலகத்துக் கீழறையில் பதினோரு உறைகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் கணவருடைய சட்டை ஒன்றைப் பிரித்தெடுத்த துணியும் கொஞ்சம் வெள்ளைத் துணியும் இருந்தன. மாதிரி மிக எளிது: மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம், ஐந்து சட்டைத் துணி, நான்கு வெள்ளை. உறைமேல் ஒரே வரி எழுதியிருந்தார்: துவைக்க வேண்டாம், அப்படியே வெட்டுங்கள். காரணம் யாரும் கேட்கவில்லை.

இது அவர் கண்டுபிடித்த வழக்கமல்ல. அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்மணி மிஸ்ஸூரி பெட்வே, 1942-இல் கணவர் இறந்த பிறகு அவருடைய உழைப்புச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் வெட்டி ஒரு குவில்ட் தைத்தார். சுவரில் மாட்டுவதற்கல்ல, போர்த்திக்கொண்டு தூங்குவதற்கு.

எனக்கு வந்த உறையில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் கலந்த கட்டம் போட்ட துணி இருந்தது. "இது உங்கள் ஊர்த் துணி. அதனால்தான் உங்களுக்கு" என்றார். எங்கள் ஊர் பெயர் மாறிச் சென்னையாகிவிட்டது. ஆனால் அமெரிக்கக் கடைகளில் அந்தக் கட்டத் துணி இன்னும் மெட்ராஸ்தான். நம் ஆண்கள் கைலியாகக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வரக் கூசுகிற துணி, 1960-களில் அங்கே கல்லூரி மாணவர்களுக்குப் பித்துப் பிடிக்க வைத்தது! துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கி வர்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வியாபாரிகள் சளைத்தவர்களா? சாயம் போவது உறுதி என்பதையே சிறப்பாக விளம்பரம் செய்து விற்றார்கள்.

அங்கேதான் எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. ஈரமான வெள்ளைக் கந்தையைத் துணிமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்தேன். கந்தை குங்குமத்தில் விழுந்ததுபோல் எழுந்தது. துவைக்காமல் தைத்தால், போர்வை முதல் தடவை தண்ணீரில் நனையும் அன்று என் வெள்ளைக் கட்டங்கள் மட்டுமல்ல, இரு பக்கத்தாருடைய வெள்ளையும் சிவக்கும். துவைத்தாலோ, அந்த அம்மாள் வேண்டாம் என்ற ஒரே காரியத்தைச் செய்தவளாவேன். இரண்டு நாள் கத்திரியைத் தொடவில்லை. "இதில் யோசிக்க என்னம்மா இருக்கிறது? போன் பண்ணிக் கேளேன்" என்றாள் என் பெண். இளையவர்களுக்கு எல்லாம் போனில் கேட்கக்கூடிய விஷயம்.

கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நாளைக்கு நானே வருகிறேன்" என்றார்.

வந்தார். துணியை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டார். நான் அடுப்பைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

"இதில் ஒன்றுமில்லை" என்றார். "நாற்பது வருஷமாகப் பெட்டியில் கிடந்தது. இடுப்பு பெருத்தபின் அவருக்கு இது நுழையவில்லை. கல்யாணமான முதல் வாரம் இதை மற்றத் துணிகளோடு போட்டுத் துவைத்து, என் உள்பாவாடையெல்லாம் ரோஜா வர்ணமாயிற்று. அன்றைக்கு நான் அழுத அழுகை!"

மதுரைச் சுங்குடிப் புடவையை முதல் தடவை உப்புத் தண்ணீரில் அலசுகிற வழக்கத்தைச் சொன்னேன். உப்புக் கேட்டார், கொடுத்தேன். என்னைத் தொடவிடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமே அலசினார். முதல் தண்ணீர் செம்பருத்திச் சாறு போல் இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது... ஆறாவது தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் முகந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தெளிவாக இருந்தது.

"மற்ற பத்துச் சட்டையும் துவைக்காமலே இருக்கட்டும்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, நாலரை நாலரை அங்குலமாக ஐந்து கட்டம் வெட்டினேன். நான்கு கட்டம் சட்டையின் முதுகில் கிடைத்தது. ஐந்தாவதுக்கு மார்புப் பகுதிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே சட்டைப் பை இருந்து பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று நின்றது. மறைத்து வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. அதையே நடுக் கட்டமாக வைத்தேன். துணுக்குகளை எல்லாம், நூல் பிசிறு உட்பட, உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

போர்வை முடிவதற்குள் என் ஆறு மாதம் முடிந்துவிட்டது. ஊர் திரும்பி வெகு நாள் கழித்துப் புகைப்படம் வந்தது. கட்டிலில் விரித்திருந்தார்கள். என் சதுரம் தலைமாட்டில், இரண்டாவது வரிசையில் இருந்தது. பக்கத்து வெள்ளையில் சிவப்புத் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. இன்னும் துவைக்கவில்லையோ என்னவோ.