எந்த டாங்கியை வாங்குவது?



தவணை விடுமுறை தொடங்கினால் எங்கள் மூவருக்கும் ஒரே பேச்சுத்தான்: இம்முறை எந்த டாங்கி?

ஆசிரியர் கலாசாலையில் ஒரே விடுதி அறையில் கிடந்த மூன்று பேர் நாங்கள். ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் இருப்பவர். ஒருவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். மற்றவர் இந்தப் பக்கத்தின் சொந்தக்காரர். பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டிச் சிறிய டாங்கி செய்வது எங்கள் பொழுதுபோக்கு. ஆசிரியர் சம்பளத்தில் தனியாக ஒரு பெட்டி வாங்க முடியாது. மூவரும் காசு போட்டு ஒன்று வாங்குவோம். அதனால் ஒட்டுவதைவிடத் தெரிவு செய்வதுதான் எங்களுக்குப் பெரிய வேலை.

முதலாவதாக நாங்கள் வாங்கியது ஷேர்மன் எம்4ஏ3. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஏறத்தாழ 49,000 ஷேர்மன் செய்தது. நிஜத்தில் ஆறு மீற்றருக்குச் சற்றுக் குறைவான நீளம். 35இல் ஒரு பங்கு அளவில் அடிமட்டத்தை வைத்தால் 17 சென்ரிமீற்றர் வரும். பிள்ளைகளுக்கு விகிதம் படிப்பிக்க இதைவிட நல்ல உபகரணம் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

அந்த ஷேர்மன் பாதி ஒட்டியபடி வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் இருந்தபோதுதான் 2019 ஏப்ரல் 21 வந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அடுத்த வாரங்களில் முஸ்லிம் வீடுகளில் தேடுதல். சமையலறைக் கத்தியைக்கூட எங்கே வைப்பதென்று யோசித்த நாட்கள் அவை. எங்கள் மேசையிலோ டாங்கி, வெட்டுக் கத்தி, பெயின்ற் போத்தல்கள், யுத்தப் படங்கள் நிறைந்த புத்தகம்.

உம்மா சொன்னார்: “மகன், இந்த சாமான் ஒண்டும் ஊட்ல வாணாம். ஆமிக்காரன் கேட்டா என்னத்தச் சொல்ற?”

உடைத்துக் குப்பையில் போடுவதென்று முடிவாயிற்று. கொட்டாஞ்சேனை நண்பருக்கு அதைச் சொல்லத்தான் தொலைபேசி எடுத்தோம். அந்தக் கிழமை அவர் தன் பங்கு மக்களின் மையவாடிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். அன்று பின்னேரமே ஓட்டோவில் வந்து இறங்கினார். சப்பாத்துப் பெட்டி ஒன்றில் துணி விரித்து ஷேர்மனை வைத்தார்.

“எங்க வீட்டுல யாரும் தேட வரமாட்டாங்க மச்சான். நான் வச்சிருக்கேன்.”

அது உண்மை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். உம்மா அவருக்குப் பிளேன்டீ கொடுத்தார். யாரும் அதிகம் பேசவில்லை.

பிறகு கொரோனா. பிறகு 2022இல் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. பொழுதுபோக்குப் பெட்டியைப் பற்றிப் பேசவே வெட்கமாக இருந்தது. இந்த வருடம்தான் மீண்டும் மூவரும் காசு சேர்த்தோம்.

கடையில் ரி-55 இருந்தது. நல்ல கிட், நல்ல விலையும்கூட. வெள்ளவத்தை நண்பர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உது வேண்டாம் மச்சான். உதின்ர சத்தம் எனக்குத் தெரியும்” என்றார். எங்கள் இராணுவம் 1991இல் வாங்கத் தொடங்கிய டாங்கி அது. அவர் சிறுவனாகப் பதுங்கு குழிக்குள் இருந்து கேட்ட சத்தம். ஆகவே ஒரு விதி போட்டோம்: இந்த மண்ணில் ஓடாத டாங்கி வேண்டும். அமெரிக்காவின் பழைய டாங்கிகளை நாங்கள் விரும்புவதற்கே அதுதான் காரணம். அது வேறு யாருடையவோ யுத்தம்.

மிஞ்சியது இரண்டு. ஸ்டூவர்ட் சின்னது, 13 சென்ரிமீற்றர், விலையும் குறைவு. லீ விசித்திரமானது. பெரிய 75 மில்லிமீற்றர் பீரங்கி உடம்பின் வலப்பக்கத்தில், சின்ன 37 மில்லிமீற்றர் மேலே சுழலும் கூண்டில். உடம்பெல்லாம் தறையாணி. அடிபட்டால் அந்த ஆணிகளே உள்ளே தெறித்து ஆளைக் கொல்லும். ஷேர்மன் வந்ததும் ஐரோப்பாவில் லீயை ஒதுக்கிவிட்டார்கள்.

ஆனால் பர்மா முனையில் அது தொடர்ந்து ஓடியது. 1944இல் கொஹிமாவில், துணை ஆணையாளர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தை ஜப்பானியரிடமிருந்து மீட்டது ஒரு லீ. அதே வருடம் அந்த முழுப் போர்முனைக்குமான மவுண்ட்பேட்டனின் தலைமையகம் எங்கே இருந்தது? பேராதனைப் பூந்தோட்டத்தில். நாங்கள் வருடாவருடம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும் அதே தோட்டம்! அதற்கு இரண்டு வருடம் முன், 1942 ஏப்ரல் 5, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அன்றும் உயிர்த்த ஞாயிறு.

வேறு யாருடையவோ யுத்தம் என்று நினைத்தோம். தேடப்போனால் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது.

பெட்டியைத் திருப்பினோம். டாமியா, ஷிசுவோக்கா, ஜப்பான். 1945 ஜூனில் அமெரிக்க விமானங்கள் எரித்த நகரம் ஷிசுவோக்கா. அடுத்த வருடம் அங்கே மர வியாபாரமாகத் தொடங்கிய கம்பனி இது. 35இல் ஒன்று என்ற அளவே இவர்களிடமிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மன் டாங்கிக்குள் மோட்டரும் பற்றரியும் அடங்க வேண்டுமே என்று வைத்த அளவு அது. தங்கள் ஊரை எரித்த நாட்டின் டாங்கியை, தங்கள் ஆட்களைச் சுட்ட அதே லீயை, 1970களில் சிறுவர்கள் ஒட்டும் விளையாட்டுச் சாமானாகச் செய்துவிட்டார்கள்.

நாங்கள் லீயையே எடுத்தோம். உள்ளே இருக்கை, எஞ்சின் எல்லாம் வரும் புதிய கிட்டுகளும் இருக்கின்றன. அவை எங்கள் காசுக்கும் கண்ணுக்கும் எட்டாது. டாமியாவின் லீ பழைய அச்சு, சங்கிலி வளையும் பிளாஸ்ரிக். ஆனால் துண்டுகள் குறைவு, ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும். முதல்முறை ஒட்டும் பிள்ளைக்கும் இதைத்தான் சொல்வோம்.

வரும் வழியில் வெள்ளவத்தை நண்பரிடம் கேட்டோம், ரி-55ஐ எப்போதாவது ஒட்டுவோமா என்று. காலி வீதியைக் கடக்கும் வரைக்கும் யோசித்தார்.

“ஒட்டலாம். என்ர மகன் கேட்டால் ஒட்டலாம். இப்ப வேண்டாம்.”

நாங்கள் அதற்குமேல் கேட்கவில்லை. ஜப்பானியருக்கே முப்பது வருடம் எடுத்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கொட்டாஞ்சேனையில் ஒட்டத் தொடங்குகிறோம். ஷேர்மன் இன்னும் அங்கேதான், அதே சப்பாத்துப் பெட்டியில். அதையும் இம்முறை முடித்துவிட வேண்டும். இன்ஷா அல்லாஹ், படம் போடுவோம். அந்த ஷேர்மன் எங்கே என்று உம்மாவே இப்போது கேட்கத் தொடங்கிவிட்டார்.