தபசு மண்டபத்துக்கு ஜெனின் வந்தா?

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் வந்திருக்கீங்களா? வரலைன்னா டிக்கெட் இல்லாத ஒரு சூப்பர் நாடகத்தை மிஸ் பண்ணிட்டீங்க பாஸ்! காலையிலேயே கோமதி அம்மன் தபசு மண்டபத்துக்குப் போயிடுவாங்க. சாயங்காலம் பாதி சிவன், பாதி விஷ்ணுவா சங்கரநாராயணர் காட்சி. ராத்திரி சங்கரலிங்கர். நடுவுல விவசாயிங்க பருத்தி, வத்தல், நெல்லுன்னு விளைஞ்சதையெல்லாம் வீசி 'சூறை' விடுவாங்க. (பிரியாணி? ஆச்சி கூட இருக்கும்போது அந்தப் பேச்சே கிடையாது. மறுநாள்தான்!)

இந்த முறை பீகார் நண்பன் ஒருத்தனைக் கூட்டிப் போனேன். சங்கன், பதுமன்னு ரெண்டு நாகங்கள் 'யாரு சாமி பெருசு'ன்னு சண்டை போட்டதுல ஆரம்பிச்சு, ஆச்சி முழுக்கதையும் தமிழ்லயே சொன்னாங்க. நான் ஹிந்தியும் இங்கிலீஷுமா ஒப்பேத்தினேன். பயல் கடைசியில சொன்னான்: "கதை புரியுது. ஆச்சி ஏன் அழறாங்கன்னுதான் புரியலை."

சுருக்குனு இருந்துச்சு. ஏன்னா, பாலஸ்தீன நாடகக்காரங்க வெளிநாட்டு மேடையில சந்திக்கிற சிக்கலும் இதுதானே! ஜெனின் அகதி முகாம்ல 2006-ல் தொடங்கினது 'ஃப்ரீடம் தியேட்டர்'. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜூலியானோ மெர் காமிஸை 2011-ல் தியேட்டர் வாசல்லயே சுட்டுக் கொன்னாங்க. நாடகம் நிக்கலை. 2015-ல் 'தி சீஜ்' நாடகத்தோட பிரிட்டன் போனாங்க, 2017-ல் நியூயார்க். அரபு வசனம், திரையில இங்கிலீஷ். எழுத்தைப் படிக்கிறதா, நடிகர் முகத்தைப் பார்க்கிறதா?

எனக்குப் பிடிச்சது இன்னொரு ரூட். டெல்லி 'ஜன நாட்டிய மஞ்ச்' குழுவோட சேர்ந்து 2016-ல் இந்திய ஊர்கள்ல தெருவிலேயே ஆடினாங்க. நாடகத்தோட பேரு 'ஹமேஷா சமிதா'. முதல் வார்த்தை நம்ம ஹிந்தி, அடுத்தது அரபு. 'எப்பவும் அசையாம நிக்கிறவள்'னு வெச்சுக்கலாம். ஒத்தக்கால்ல தபசு நிக்கிற அம்மனுக்கும் பொருந்துற பேருதான்! 2023 டிசம்பர்ல இஸ்ரேல் ராணுவம் அந்த தியேட்டருக்குள்ள புகுந்து நாசம் பண்ணுச்சு. நிர்வாகி முஸ்தஃபா ஷேத்தா விசாரணையே இல்லாம ஒரு வருஷத்துக்கு மேல சிறையில இருந்தார்.

கூட்டத்துல நின்னபடியே 'தி சீஜ்' கதையை ஆச்சிக்குச் சொல்லிப் பார்த்தேன். 2002-ல் பெத்லகேம்ல, ஏசு பிறந்த இடத்துல இருக்கிற கோயிலுக்குள்ள போராளிகளும் பொதுஜனமும் மாட்டிக்கிறாங்க. வெளியே ராணுவம். 39 நாள்.

பாலஸ்தீனம் எங்கே இருக்குன்னுகூட ஆச்சி கேட்கலை.

"கோயிலுக்குள்ளயா? 39 நாளு சோத்துக்கு என்னல செஞ்சாவ?"

நாடகமே அந்தப் பசியிலதான் நிக்குதுன்னு சொன்னேன். "பொறவு வீட்டுக்கு விட்டானா?"

"13 பேரை ஐரோப்பாவுக்கு, 26 பேரை காசாவுக்கு அனுப்பிட்டாங்க ஆச்சி."

"ஊருக்கு விடலையா?"

நண்பன் என் தோளைச் சுரண்டினான். "இப்ப என்ன கேட்டாங்க?" மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதுக்குள்ள சாமி வந்துட்டார். தலைக்கு மேல பருத்தி பறக்குது. ஆச்சி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.