கொலையாளியைக் காட்டாத ட்ரெய்லர்!

த்ரில்லர் குறும்படம் எடுக்கும் மாணவர்கள் பலர் ட்ரெய்லரில்தான் கோட்டை விடுகிறார்கள். கத்தி, ரத்தம், கொலையாளியின் முகம் எல்லாவற்றையும் இரண்டே நிமிடத்தில் கொட்டிவிட்டால், அப்புறம் படத்தை யார் பார்ப்பது?

1960-ல் 'சைக்கோ'வுக்கு ஹிட்ச்காக் செய்ததைப் பாருங்கள். ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்த ட்ரெய்லரில் படத்தின் காட்சி ஒன்றுகூட இல்லை. வாடகைக்கு வீடு காட்டும் புரோக்கர் மாதிரி, அவரே செட்டைச் சுற்றிக்காட்டுகிறார். கொலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விழுங்கிவிடுகிறார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்க, ஒரு பெண் அலறுகிறாள். அதுகூட, படத்தில் அங்கே கொலையாகும் ஜேனட் லீ இல்லை. விக் வைத்த வெரா மைல்ஸ்!

கையில் காசில்லாத மாணவர்களுக்கு இது ரொம்பவே வசதி. ஹாஸ்டல் காரிடார், பாதி திறந்த கதவு, ஒரு மொபைல் போதும். கதவுக்குப் பின்னால் யார் என்பதை மட்டும் படம் வரும்வரை சொல்லாதீர்கள்.