பேச்சு வரும் வேகம்

முட்டிவலியால் ஓட்டத்தை நிறுத்தி இரண்டு வருடம். குற்றாலச் சாரல் ஆய்க்குடி வரை தூறிய ஓர் ஆனிக் காலையில் மறுபடி இறங்கினேன். முன்பெல்லாம் தினமும் நேற்றைய நேரத்தை முந்தப் பார்ப்பேன். முட்டி போனதே அப்படித்தான். இப்போது ஒரே விதி: ஓடும்போது திணறாமல் பேச வரணும்.

வயலோரம் நின்ற தாத்தா கேட்டார்: "என்னடே, ஓடுதியா, நடக்கியா?"

"ரெண்டுந்தான் தாத்தா."

பதில் திணறாமல் வந்தது. ஆனாலும் கொஞ்சம் வெட்கம்.

தென்காசி சாலையில் அமர் சேவா சங்கம் வந்தது. 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. ஓரடி எடுத்து வைக்கவே மாதக்கணக்கில் பழகும் பிள்ளைகள் வருகிற இடம். அந்த வாசலில் என் வெட்கம் அசிங்கமாகப் பட்டது.

வேகத்தைக் கூட்டவில்லை. நாளைக்கும் வரணுமே.